குப்பாயம்: ஓர் ஆடைச் சொல்லின் வேரைத் தேடிப் போக முழுமையான வழிகாட்டி

குப்பாயம் என்பது உடம்பின் மேல் தளர்வாக அணியும் தைத்த மேலாடை. தமிழ்நாட்டுப் பேச்சில் இன்று இந்தச் சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கேரளத்தில் உயிரோடு இருக்கிறது. மலையாளத்தில் சட்டை எதற்குமே குப்பாயம் என்பார்கள். கேரள முஸ்லிம்களான மாப்பிளைச் சமூகத்துப் பெண்களின் பழைய உடையைச் சொல்லும்போது காச்சித்துணி (இடுப்பில் உடுத்துவது), குப்பாயம், தட்டம் (தலையில் போடுவது) என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். சிரியன் கிறித்தவப் பாதிரியார்கள் அணியும் நீண்ட அங்கிக்கும் அங்கே அதுதான் பெயர்.

மாப்பிளை உடையோடு இப்படி ஒட்டி நிற்பதால், 'இது அரபுச் சொல். அரபு வணிகர்கள் அணிந்த கபா என்ற மேலங்கிதான் குப்பாயம் ஆயிற்று' என்ற விளக்கம் பலரிடம் இருக்கிறது. கேட்டவுடன் பொருத்தமாகத் தோன்றும். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, பொருளும் ஒன்று. ஆனால் சொல்லாராய்ச்சியில் இப்படி ஒலி ஒத்திருப்பது தேடத் தொடங்குவதற்கான காரணமே தவிர, முடிவு அல்ல. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லின் பிறப்பை எப்படித் தேடுவது, எந்த இடத்தில் ஏமாறுவோம், எது உண்மையான சான்று என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இதே வழியில் நீங்கள் வேறு எந்தச் சொல்லையும் தேடலாம்.

படி 1: சொல்லின் எல்லா வடிவங்களையும் முதலில் எழுதி வையுங்கள்

ஒரு மொழியில் உள்ள வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பெரும்பாலும் தவறாகத்தான் முடியும். பக்கத்து மொழிகளில் அதே சொல் எப்படி இருக்கிறது, என்ன பொருளில் இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள்.

தமிழ்: குப்பாயம், மெய்ச்சட்டை.
மலையாளம்: குப்பாயம், சட்டை.
கன்னடம்: குப்பஸ, குபுஸ, பெண்களின் ரவிக்கை.
தெலுங்கு: குப்பஸமு (சட்டை), குபுஸமு (பாம்பு உரித்த தோல்).
பிராகிருதம் (வடமொழியோடு உறவுடைய பழைய மக்கள் பேச்சு மொழிகள்): குப்பாஸ.
வடமொழி: கூர்ப்பாஸம், கூர்ப்பாஸகம், கையுள்ள குறுஞ்சட்டை அல்லது ரவிக்கை.

இந்தப் பட்டியலை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். தமிழிலும் மலையாளத்திலும் நடுவில் 'ய' இருக்கிறது. மற்ற நான்கிலும் அதே இடத்தில் 'ஸ' இருக்கிறது. வழக்கின் பாதி இங்கேயே முடிந்துவிட்டது என்பேன். ஏன் என்பதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

தெலுங்கில் பாம்பின் தோலுக்கு இந்தச் சொல் போனதைப் பார்த்து வியக்க வேண்டாம். நாமும் பாம்பு சட்டை உரித்தது என்றுதான் சொல்கிறோம். வடமொழியின் கஞ்சுகம் என்ற சொல்லுக்கும் மேற்சட்டை, பாம்புத்தோல் என்ற இரு பொருளும் உண்டு. மூன்று மொழிகள், மூன்று வேறு சொற்கள், ஒரே பார்வை. வட கர்நாடகத்தில் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்யும் வளைகாப்பு போன்ற சடங்குக்கே 'குபுஸ' என்று பெயர், அன்று அவளுக்கு ரவிக்கைத் துணி கொடுப்பதால். ஒரு சொல் இந்த அளவுக்கு வீட்டுச் சடங்குக்குள் ஊறியிருந்தால், அது அந்த மண்ணுக்கு நேற்று வந்த சொல்லாக இருக்க முடியாது.

படி 2: அகராதியைத் திறங்கள், அதன் சுருக்கக் குறிகளையும் படியுங்கள்

தமிழுக்கு முதலில் போக வேண்டிய இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-இல் பின்னிணைப்பும் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இதை இலவசமாகத் தேடலாம். பெரும்பாலானோர் அதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். சொல்லாராய்ச்சிக்கு வேண்டியவை மற்ற மூன்றுதான்.

ஒன்று, சொல்லுக்குப் பக்கத்தில் வரும் வேர்க்குறிப்பு. 'இதிலிருந்து' என்று காட்டும் கோணக்குறிக்கு முன் 'இருக்கலாம்' என்ற பொருளில் ஒரு சுருக்கம் நின்றால், அது பதிப்பாசிரியர்களின் ஊகம். குறி மட்டும் தனியாக நின்றால் உறுதி. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு 'லெக்சிகனே சொல்கிறது' என்று எழுதுவது அகராதிக்குச் செய்யும் அநீதி.

இரண்டு, சதுர அடைப்புக்குள் தரும் பக்கத்து மொழி வடிவங்கள். முதல் படியின் பட்டியலுக்கு இவை உதவும்.

மூன்று, இலக்கிய மேற்கோள். 'சீவக.' என்றால் சீவக சிந்தாமணி, 'திருவாச.' என்றால் திருவாசகம். மேற்கோள் இல்லாமல் ஒரு பழைய அகராதியின் சுருக்கப் பெயர் மட்டும் நின்றால், அந்தச் சொல்லுக்குப் பழைய இலக்கியச் சான்றை அவர்கள் காட்டவில்லை என்று பொருள்.

லெக்சிகனோடு நின்றுவிடாமல், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியையும் (முதற்பதிப்பு 1961, திருந்திய பதிப்பு 1984), டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பியல் அகராதியையும் பாருங்கள். இரண்டும் அதே சிகாகோ தொகுப்பில் உள்ளன. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். இரண்டிலும் இருந்தால் அங்கே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

படி 3: மிகப் பழைய ஆட்சியைத் தேடிப் பிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகிய தளங்களில் பழைய நூல்கள் எழுத்து வடிவில் கிடைக்கின்றன. தேடும்போது 'குப்பாயம்' என்று முழுச் சொல்லைக் கொடுத்தால் பல இடங்கள் அகப்படாது. தமிழில் மகர ஈறு புணர்ச்சியில் மாறும், கெடும். குப்பாயத்தர், குப்பாயத்துள், குப்பாய மிலேச்சன் என்றெல்லாம் வரும். அதனால் 'குப்பாய' என்பது வரை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். எந்தச் சொல்லைத் தேடினாலும் ஈற்றை வெட்டிவிட்டுத் தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அப்படித் தேடினால் திருவாசகத்தின் அன்னைப் பத்தில் இந்த வரிகள் கிடைக்கும்:

வெள்ளைக் கலிங்கத்தர் வெண்திரு முண்டத்தர்
பள்ளிக் குப்பாயத்தர் அன்னே என்னும்
பள்ளிக் குப்பாயத்தர் பாய்பரி மேற்கொண்டென்
உள்ளம் கவர்வரால் அன்னே என்னும்.

தலைவி தன் தாயிடம் சொல்கிறாள். வெள்ளை ஆடை உடுத்து, நெற்றியில் நீறு பூசி, குப்பாயம் அணிந்து, பாயும் குதிரை மேல் வந்து என் உள்ளத்தைக் கவர்கிறார் என்கிறாள். 'பள்ளி' என்ற முன்சொல்லுக்கு உரைகள் வேறுபடுகின்றன. நமக்கு இங்கே வேண்டியது குதிரை. மாணிக்கவாசகர் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொருளைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டுவிட, நரிகளைப் பரிகளாக்கிக்கொண்டு சிவபெருமானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு வருகிறார். அந்தக் குதிரைக்காரக் கோலத்துக்கு உரிய உடையாகத்தான் குப்பாயம் வருகிறது. சிவனின் வழக்கமான கோலம் தோலுடை. குதிரை மேல் ஏறும்போது குப்பாயம் வந்துவிடுகிறது.

அடுத்து சீவக சிந்தாமணி. கோவிந்தையார் இலம்பகத்தில் 'வெங்கண் நோக்கிற் குப்பாய மிலேச்சனை' என்று வருகிறது. கொடிய பார்வையும் குப்பாயமும் உடைய மிலேச்சன். மிலேச்சன் என்பது அயல்மொழி பேசும் அந்நியனுக்குப் பெயர். அவனை அடையாளம் காட்டக் கவிஞர் எடுத்துக்கொண்டது அவன் உடம்பில் இருந்த சட்டையை.

இரண்டு இடம், இரண்டு மனிதர்: ஒருவர் குதிரைக்காரர், ஒருவர் அந்நியர். ஒரு சொல் யார் உடம்பில் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளைவிடப் பல நேரம் அதுதான் அதிகம் பேசும்.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் குப்பாயம் என்ற சொல் இல்லை, ஆனால் அந்த ஆடை இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், பாசறையில் மன்னனுக்குக் காவல் நிற்பவர்களைச் சொல்லும் இடம்:

மத்திகை வளைஇய மறிந்துவீங்கு செறிவுடை
மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து
வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்.

மெய்ப்பை, அதாவது மெய் புகும் பை. தைத்த சட்டையைப் பார்த்த ஒரு தமிழ்க் கவிஞர் தம் மொழியிலேயே ஆக்கிக்கொண்ட சொல். எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் கூட. அந்த யவனன் இடுப்பில் சுற்றியிருக்கும் மத்திகை என்ன தெரியுமா? குதிரைச் சவுக்கு. இந்தச் சொல்லையே கிரேக்க மொழியில் சாட்டையைக் குறிக்கும் மாஸ்டிக்ஸோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சில அடிகள் தள்ளி 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்' வருகிறார்கள். தமிழ் பேசத் தெரியாமல் சைகையால் பேசும், சட்டை அணிந்த அந்நியர்கள். படம் என்றால் இங்கே சட்டை. மறுபடியும் அந்நியர், மறுபடியும் குதிரைச் சவுக்கு, மறுபடியும் சட்டை.

சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் வருகிறது. கால்கோள் காதையில் 'சஞ்சயன் முதலாத் தலைக்கீடு பெற்ற கஞ்சுக முதல்வர் ஈரைஞ் ஞூற்றுவர்', தலைப்பாகையும் சட்டையும் அணிந்த ஆயிரம் அரசுப் பணியாளர்கள். வேந்தனின் பணியில் இருப்பவனுக்குச் சட்டை ஒரு சீருடை போல இருந்திருக்கிறது.

ஆக, தமிழில் இந்த ஆடைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் வந்திருக்கின்றன: மெய்ப்பை, படம், கஞ்சுகம், குப்பாயம். கடைசியாக வந்த குப்பாயம் எங்கிருந்து வந்தது?

படி 4: ஒலிமாற்றம் விதிப்படி நடந்திருக்கிறதா என்று சோதியுங்கள்

இரண்டு சொற்கள் ஒன்று போல் ஒலிப்பது சான்று ஆகாது. ஒவ்வொரு எழுத்தும் ஏன் அப்படி மாறியது என்று வேறு சொற்களைக் காட்டி நிறுவ வேண்டும். அதே மாற்றம் வேறு நாலு சொல்லிலாவது நடந்திருக்க வேண்டும்.

கூர்ப்பாஸம் குப்பாயம் ஆனது என்றால் மூன்று மாற்றங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

முதல் மாற்றம், 'ர்ப' என்பது 'ப்ப' ஆனது. பிராகிருதத்தில் இது அன்றாட நிகழ்ச்சி. சர்ப்பம் அங்கே சப்ப ஆகும். கர்ப்பட என்ற துணிச்சொல் கப்பட ஆகி, இந்தியில் கப்டா என்று இன்று வரை வழங்குகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடமொழியிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்த சொற்களில் ரகரம் பெரும்பாலும் தங்கிவிடும், சர்ப்பம் போல. குப்பாயத்தில் ரகரம் இல்லை. அதனால் இது வடமொழியிலிருந்து நேராக வராமல் பிராகிருதத்தின் வழியாக வந்த சொல். புத்தகத்தில் படித்து எடுத்த சொல்லாக அல்லாமல் மக்கள் வாய்வழி வந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி.

இரண்டாம் மாற்றம், 'கூ' குறுகி 'கு' ஆனது. பிராகிருதத்தில் இரட்டை மெய்க்கு முன் நெடில் குறிலாகும். கூர்மம் கும்ம, பூர்வம் புவ்வ, மார்க்கம் மக்க, தீர்க்கம் திக்க. கூர்ப்பாஸ குப்பாஸ ஆவது அதே தடம்.

மூன்றாம் மாற்றம், 'ஸ' என்பது 'ய' ஆனது. இது தமிழுக்குள் நடந்தது. கைலாஸம் நம்மிடம் கயிலாயம். ஆகாசம் ஆகாயம். தேசம் தேயம். பவணந்தி முனிவர் நன்னூலின் பதவியலில் வடசொல் எழுத்துகள் தமிழில் எப்படி மாறும் என்று பட்டியல் போடுகையில் 'முப்பது சயவும்' என்பார். வடமொழி வரிசையில் முப்பதாம் மெய்யான சகரம் தமிழில் சகரமாகவோ யகரமாகவோ வரும் என்பது பொருள். முப்பத்திரண்டாம் மெய்யான ஸகரத்துக்கு அவர் சொல்வது சகரமும் தகரமும், மாஸம் மாதம் ஆனது போல. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கைலாஸம் கயிலாயம் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் ஆகியிருக்கிறது. பிராகிருதத்தில் வடமொழியின் ச, ஷ, ஸ என்ற மூன்று சகரங்களும் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிட்டதை நினைத்துக்கொண்டால் முடிச்சு அவிழும். அந்த வழியில் வந்த சொல்லில் மூலம் எந்தச் சகரம் என்று தமிழ்க் காது பிரித்துப் பார்த்திருக்க முடியாது. இலக்கண விதியை மதியுங்கள், ஆனால் வழக்கில் இருக்கும் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது அரபுக் கூற்றை இதே தராசில் வைப்போம். கபா குப்பாயம் ஆக வேண்டுமென்றால் 'க' ஏன் 'கு' ஆயிற்று? ஒற்றைப் பகரம் ஏன் இரட்டித்தது? இவற்றுக்கு எப்படியோ காரணம் சொல்லிவிட்டாலும், கன்னடத்தின் குப்பஸவிலும் தெலுங்கின் குப்பஸமுவிலும் இருக்கும் 'ஸ' எங்கிருந்து வந்தது? கபா என்ற சொல்லில் ஸகரத்துக்கு இடமே இல்லை. நான்கு தென்மொழிச் சொற்களும் ஒரே குடும்பம் என்று ஏற்றால், ஸகரத்தை விளக்காத எந்த வேரும் தள்ளுபடி.

காலமும் துணை நிற்கிறது. அமரகோசம் என்ற வடமொழி நிகண்டு 'சோல: கூர்ப்பாஸகோ' என்று இதைப் பதிவு செய்கிறது. வடமொழி எழுத்தாளர் பாணர் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ஹர்ஷசரிதத்தில் படையோடு புறப்படும் அரசர்களின் உடைகளைச் சொல்லும்போது கஞ்சுகம், வாரபாணம், சீனசோளகம், கூர்ப்பாஸகம் என்று நான்கு வகை மேற்சட்டைகளைப் பிரித்துச் சொல்கிறார். திருவாசகத்தைப் பொதுவாக ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். காலத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் இங்கே தடுமாறியிருப்போம், ஏனென்றால் ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு வணிகர்கள் மேற்குக் கரைக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் ஒலிச்சான்றை முன்னே நிறுத்தினேன்.

வடமொழிக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? உரைகாரர்கள் முழங்கையைக் குறிக்கும் கூர்ப்பரம் என்ற சொல்லோடு சேர்த்து, முழங்கை வரை வருவதால் கூர்ப்பாஸம் என்று விளக்குவதுண்டு. பொருளுக்குப் பொருந்துகிறது. ஆனால் மக்கள் வழக்கில் இருந்த 'ப்ப' வைத்த சொற்களுக்கு 'ர்ப' சேர்த்து வடமொழியாக்கும் பழக்கமும் இருந்திருக்கிறது. ஆகவே குப்பாஸ என்ற வழக்குச் சொல்லே முந்தையதாக இருந்து கூர்ப்பாஸம் பின்னால் ஆக்கப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. சான்று நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போவதெல்லாம் ஆசை.

படி 5: ஒப்புப்போலிகளைப் பிரித்து வையுங்கள்

குப்பாயத்தைச் சுற்றி அதே சாயலில் சில சொற்கள் இருக்கின்றன. அவற்றையும் தனித்தனியே விசாரிக்காவிட்டால் குழப்பம் தீராது.

கபாய். இதுதான் உண்மையில் அரபு, பாரசீகக் கபாவின் வாரிசு. விஜயநகர அரசவையில் ஆண்கள் கபாயி என்ற நீண்ட வெள்ளை அங்கியும் குல்லாயி என்ற கூம்புத் தொப்பியும் அணிந்தார்கள். 1443-இல் இரண்டாம் தேவராயரைக் கண்ட பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மன்னர் சைத்தூன் பட்டினால் ஆன கபா அணிந்திருந்ததாக எழுதினார். சைத்தூன் என்பது சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்துக்கு அன்றைய பெயர். சொல் பாரசீக வழி, துணி சீனத்திலிருந்து, உடுத்தியவர் துங்கபத்திரைக் கரையில்! லேபாட்சி வீரபத்திரர் கோயில் ஓவியங்களில் அந்த அங்கியையும் தொப்பியையும் இன்றும் பார்க்கலாம். கபா கபாய் ஆனதும், குலாஹ் குல்லாய் ஆனதும் ஒரே முறை. ஆகார ஈற்றில் முடியும் அயற்சொல்லுக்குத் தென்மொழிகள் யகரம் சேர்த்துக்கொண்டன. குல்லாய் நம்மிடம் தங்கிவிட்டது, கபாய் பழைய அகராதிகளோடு நின்றுவிட்டது. சிங்களத்தில் கோட்டுக்கு இன்றும் கபாய என்றே பெயர்.

அபாயா. கபாவும் அபாயாவும் ஒன்றே என்று எழுதுபவர்கள் ஏராளம். அரபு எழுத்தைப் பார்த்தால் சந்தேகம் தீரும். கபா தொடங்குவது காஃப் என்ற எழுத்தில். அபாயா தொடங்குவது ஐன் என்ற எழுத்தில். தமிழுக்கு வரும்போது காஃப் ககரமாகும்: குர்ஆன், காஜி. ஐன் ஒலி மறைந்து உயிரெழுத்து மட்டும் நிற்கும்: அப்துல், அலி. ஐன் ககரமாகாது. ஆடையும் வேறு. கபா வெட்டித் தைத்த, கைகள் உள்ள, முன்புறம் திறக்கும் கோட்டு. அபா, உடம்பளவுக்குத் தைக்காமல் மேலே போர்த்திக்கொள்ளும் தளர்ந்த அங்கி.

கெபாயா. மலாய்ப் பெண்களின் மேலாடை. போர்த்துக்கீசியர் கபாவைக் கபாயா என்ற பெயரில் எடுத்துக்கொண்டு ஆசியக் கடலெங்கும் பரப்பினார்கள். அந்தக் கடல்வழியில் கெபாயாவும் உண்டு. மலாக்காவின் சிட்டி சமூகத்துப் பெண்கள், தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள், சாரோங்கோடு கெபாயா அணிபவர்கள். 2024 டிசம்பரில் புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்வைக்க, யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

காப்பா. கேரளத் திருச்சபைகளில் பாதிரியார் வழிபாட்டின்போது தோளில் போடும் மேலங்கி. இது லத்தீனின் காப்பா. அதே பாதிரியார் உள்ளே குப்பாயமும் மேலே காப்பாவும் அணிகிறார் என்பதால் இரண்டையும் உறவு என்று நினைக்க இடமுண்டு. உறவு இல்லை.

அங்கி. இது எச்சரிக்கைக்காக மட்டும். தேவாரத்தில் அங்கி என்று கண்டவுடன் ஆடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பெரும்பாலும் அது தீ, வடமொழி அக்னியின் தமிழ் வடிவம். யோசேப்புக்கு யாக்கோபு செய்வித்த 'பலவருண அங்கி'தான் ஆடை, அது உடம்பைக் குறிக்கும் அங்கம் என்ற சொல்லோடு சேர்ந்தது.

படி 6: சிற்பத்தையும் வணிகத்தையும் பாருங்கள்

சொல்லை மட்டும் தேடினால் பாதி வரலாறுதான் கிடைக்கும். மதுரா அரசு அருங்காட்சியகத்தில் குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் தலையில்லாத சிலை ஒன்று இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே விரியும் கனத்த நீண்ட கோட்டு, காலில் பெரிய காலணி. நடு ஆசியக் குதிரை வீரர்களின் உடை அது. குளிர்நாட்டில் குதிரை மேல் நாள் முழுக்க இருப்பவனுக்குத் தைத்த, கைவைத்த கோட்டு தேவை. நம் வெயிலில் வேட்டியும் மேல்துண்டும் போதும். குதிரைகள் தெற்கே வந்தபோது, குதிரைக்காரரின் உடையும் அதன் பெயரும் கூடவே வந்தன என்று சொல்ல, மேலே பார்த்த பாடல்கள் எல்லாம் துணை நிற்கின்றன.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஓர்மூசு, கீசு, ஏடன் ஆகிய மேற்காசியத் துறைமுகங்களின் பக்கங்களிலிருந்து கப்பல்களில் குதிரைகள் காயல் துறைமுகத்துக்கு வருவதை எழுதியிருக்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்குவதாகவும் சொல்கிறார். அதே இடத்தில், இந்த நாட்டில் எல்லோரும் வெற்றுடம்போடு இருப்பதால் கோட்டு வெட்டித் தைக்கத் தையற்காரனே கிடையாது என்றும் எழுதினார். பயணக் குறிப்பை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். சிலப்பதிகாரம் புகார் நகரின் தொழிலாளர்களை வரிசையிடும்போதே 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' என்கிறது. துணி தைப்பவரும் இருந்தார்கள், தோல் தைப்பவரும் இருந்தார்கள். ஆனால் தைத்த உடை எல்லோருக்கும் பொதுவாக இல்லை என்ற அளவில் போலோ பார்த்தது சரியே. அதனால்தான் நம் கவிஞர்களுக்குச் சட்டை அணிந்தவன் தனியாகத் தெரிந்தான்.

இந்த இடத்தில் மாப்பிளைக் குப்பாயத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். சொல்லின் வரலாறு வேறு, துணியின் வரலாறு வேறு. அந்த ஆடையின் வெட்டிலும் கையின் அகலத்திலும் அரபுத் தொடர்பு இருந்திருக்கலாம். கடல் கடந்து வந்த ஒரு பாணிக்கு, அங்கே முன்பே இருந்த பெயரை வைப்பது எங்கும் நடப்பதுதான். சொல் அரபு அல்ல என்று நிறுவுவதால் அந்தச் சமூகத்தின் உடை மரபு எதையும் இழப்பதில்லை.

படி 7: பொருள் நகர்ந்த பாதையைக் குறியுங்கள்

வடமொழியில் குறுஞ்சட்டை, காளிதாசர் பெயரில் வழங்கும் ருதுசம்ஹாரத்தில் பெண்கள் அணியும் இறுக்கமான ரவிக்கை. கன்னடத்தில் அதே பெண்பால் பொருள் நிலைத்தது. தமிழில் குதிரைக்காரனின் ஆடை. மலையாளத்தில் எல்லோருக்கும் பொதுவான சட்டை. இறுக்கமானதிலிருந்து தளர்வானதுக்கும், பெண்ணிலிருந்து ஆணுக்கும், அந்நியனிலிருந்து நம்மவனுக்கும் ஒரே சொல் போய் வந்திருக்கிறது. தமிழில் சட்டை என்ற சொல் பரவியதும் குப்பாயத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

படி 8: கண்டதை ஒரு பதிவாக எழுதுங்கள்

தேடி முடித்ததும் ஒரு சிறு பதிவு எழுதுங்கள். சொல், பொருள், முதல் ஆட்சி, வழி, உறவுச் சொற்கள், உறவில்லாத ஒப்புப்போலிகள், எந்த இடத்தில் சான்று நின்றுவிட்டது என்ற குறிப்பு. நம் சொல்லுக்கு அது இப்படி இருக்கும்:

குப்பாயம்: தைத்த மேற்சட்டை, தளர்ந்த அங்கி. பழைய ஆட்சி திருவாசகம், சீவக சிந்தாமணி. இரண்டிலும் குதிரைக்காரர், அந்நியர் உடை. பிராகிருதக் குப்பாஸ வழி. வடமொழி கூர்ப்பாஸத்தோடு ஒரே சொல். உறவு: மலையாளக் குப்பாயம், கன்னடக் குப்பஸ, தெலுங்குக் குப்பஸமு, குபுஸமு. உறவு இல்லை: கபாய், அபாயா, கெபாயா, காப்பா. கூர்ப்பாஸத்துக்கு முந்தைய வேர் முடிவாகவில்லை.

முறை கைவந்ததா என்று பார்க்கச் சொக்காய் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் வட மாவட்டங்களிலும் இன்னும் சொக்கா என்று பேச்சில் இருக்கிறது. தெலுங்கில் சொக்கா உண்டு. இறுதியில் உள்ள 'ஆய்' குல்லாயையும் கபாயையும் நினைவூட்டுகிறது, அங்கிருந்து தொடங்கலாம். நடு ஆசியாவின் சோகா என்ற நீண்ட அங்கியோடு ஒலி ஒத்திருக்கிறது. ஒற்றைக் ககரம் ஏன் இரட்டித்தது என்ற கேள்விக்கு வேறு சொற்களிலிருந்து சான்று தேடுங்கள். தேடும்போது 'சொக்கா' என்பதோடு நிறுத்தித் தேடுங்கள். சொக்கன் என்ற மதுரைப் பெருமானைச் 'சொக்கா' என்று விளிக்கும் இடங்களும் வந்து குவியும், அவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.